வலியும் இருக்கு, பழக்கமும் இருக்கு: வைத்தியரிடம் எதைச் சொல்லுறது?

இந்த இதழின் உடல்நலப் பாடம் கொஞ்சம் சங்கடமான விசயம். தீராத வலியோடு இருக்கிற ஒருவர், அதே நேரம் குடியோ, வலிக்குளிசையோ, வெளியில் வாங்குகிற போதைப்பொருளோ பாவிக்கிறவராகவும் இருந்தால், அவருடைய வலியை யார் பார்க்கிறது? "முதலில் பழக்கத்தை விடட்டும், பிறகு வலியைப் பார்ப்பம்" எண்டு வீட்டுக்காரரும் சொல்லுகிறார்கள், சில வைத்தியர்களும் சொல்லுகிறார்கள். இது பிழையான ஒழுங்கு. வலி அடங்காமல் பழக்கம் அடங்குவது மிகக் கடினம். இரண்டையும் ஒரே காலத்தில் பார்க்க வேணும், பார்க்கிற இடங்களும் ரொறன்ரோவில் இருக்கு. அங்கே போய்ச் சேர என்ன தெரிந்திருக்க வேணும் என்பதுதான் இந்தப் பாடம்.

பாவிக்கிறவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. அவருடைய மனைவி, சகோதரி, வளர்ந்த பிள்ளைகள் வாசித்தாலும் பிரயோசனம் உண்டு.

வலி எங்கேயிருந்து வந்தது

1983க்குப் பிறகு இங்கே வந்த எங்கட சனத்தில் கனபேருக்கு வலி ஊரிலேயே தொடங்கிவிட்டது. செல் துண்டு உடம்புக்குள் இருக்க வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்பில் உள்ளங்காலில் பொல்லால் அடிவாங்கியவருக்குக் குதிக்காலில் இருக்கும் மெத்தை போன்ற கொழுப்புப் பகுதி சிதைந்து, பல வருடங்களுக்குப் பிறகும் நடக்கும்போது எரியும். கைகளைப் பின்னால் கட்டித் தூக்கப்பட்டவர்களுக்குத் தோளடியில் உள்ள நரம்புகள் இழுபட்டு, கை விறைப்பும் குத்தும் நிரந்தரமாகி விடலாம். இப்படி வந்தவர்கள் இங்கே தொழிற்சாலையிலும் கிடங்கிலும் உணவகச் சமையலறையிலும் இரண்டு வேலை செய்தபோது, பழைய வலியின் மேல் புது நாரி வலியும் ஏறிக்கொண்டது.

உடம்பின் வலியோடு மனமும் சேர்ந்துதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக நீண்டகாலம் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் எங்கட மக்களின் மனத்தில் விட்ட காயங்களைப் பற்றி 1998ல் ஒரு நூலே எழுதினார். மனத்தின் துன்பத்தை எங்கட சனம் தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு எண்டுதான் வைத்தியரிடம் கொண்டு போகும் எண்டு அவர் எடுத்துச் சொன்னவர். ரொறன்ரோவில் மோர்ட்டன் பைசர் குழுவினர் தமிழர் மத்தியில் செய்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், 12 வீதமானோர் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநெருக்கீட்டு நோயை அனுபவித்திருந்தார்கள். அவர்களில் சிகிச்சை நாடியவர்கள் மிகக் குறைவு. இரவில் நித்திரை இல்லை, வந்தாலும் கெட்ட கனவு. இப்படியான ஒருவருக்கு ஒரு கிளாஸ் விஸ்கியும் இரண்டு குளிசையும் வலியை மட்டுமா அடக்குது? கனவையும் சேர்த்து அடக்குது. அதனால்தான் விடுவது கஷ்டமாக இருக்கு. இதை மனப்பலவீனம் எண்டு சொல்லுகிறவர்கள் அந்த இரவுகளைப் பார்த்ததில்லை.

ஒரு அவசியமான குறிப்பு: உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ படம் எடுக்க முன்னர் கட்டாயம் சொல்லுங்கோ. அது பெரிய காந்தம். உள்ளே இருக்கிற இரும்பை அசைக்கக் கூடும். "சின்னத் துண்டுதானே" எண்டு விட்டுவிட வேண்டாம்.

குளிசை எப்படி வீட்டுக்குள் வந்தது

ஒக்சிகொன்ரின் என்ற வலிக்குளிசை கனடாவில் 1996ல் அனுமதி பெற்றது. பழக்கமாகும் ஆபத்து குறைவு எண்டு சொல்லித்தான் மருந்துக் கொம்பனி அதை வைத்தியர்களிடம் விற்றது. 2000ல் ஒன்ராறியோ அரசின் மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் ஒக்சிகொடோன் சம்பந்தப்பட்ட மரணங்கள் இந்த மாகாணத்தில் ஐந்து மடங்காகின எண்டு 2009ல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் அந்தக் கொம்பனி, ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2012ல் ஒக்சிகொன்ரின் இங்கே சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பழகிப் போனவர்களின் உடம்பு, சந்தையில் இருந்து எடுத்தவுடன் மறக்குமா? வைத்தியரிடம் கிடைக்காதவர்கள் வெளியில் வாங்கத் தொடங்கினார்கள். வெளியில் இருந்த ஹெரோயினின் இடத்தைப் பிறகு பென்ரனைல் பிடித்தது. 2016 ஜனவரி தொடக்கம் கனடா முழுவதும் ஓப்பியொய்ட் நஞ்சால் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல்.

(ஓப்பியொய்ட் எண்டால் அபின் வகை வலிமருந்துகள். கோடீன், மோர்பின், ஒக்சிகொடோன், பென்ரனைல், மெதடோன் எல்லாம் இதற்குள் அடங்கும். ரைலனோல் 3 எண்டு நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் குளிசையிலும் 30 மில்லிகிராம் கோடீன் இருக்கு.)

எங்கட வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. அத்தானுக்குப் பல்லுப் பிடுங்கினபோது கொடுத்த பேர்கொசெற் மிச்சம் அலுமாரிக்குள் கிடக்கும். மச்சானுக்கு நாரி பிடித்தால் அன்போடு எடுத்துக் கொடுப்பம். ஊர்ப் பழக்கத்தில் இது உதவி. கனடாச் சட்டத்தில் இந்த மருந்தை இன்னொருவருக்குக் 'கொடுப்பது'ம் கடத்தல் என்ற சொல்லுக்குள் அடங்கும், காசு வாங்காவிட்டாலும்கூட. குடியுரிமை இல்லாத ஒருவருக்கு அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு பெரிய தலையிடி எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மிஞ்சிய குளிசையைப் பார்மசியில் கொடுத்தால் காசில்லாமல் வாங்கி அழிப்பார்கள்.

வெளியில் "பேர்க்" எண்டு விற்கிற குளிசை பார்மசிக் குளிசையைப் போலவே நிறமும் எழுத்துமாக இருக்கும். உள்ளே இருப்பது பென்ரனைலாக இருக்கலாம். ரொறன்ரோவில் 2019 ஒக்டோபரில் தொடங்கிய போதைப்பொருள் பரிசோதனைச் சேவை, பென்ரனைலோடு நித்திரை மருந்துகளும், மிருக வைத்தியத்தில் பாவிக்கும் மயக்க மருந்துகளும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கு. நாரி வலிக்கு எண்டு வாங்குகிறவருக்கும் அதே குளிசைதான் கிடைக்கும்.

மருந்து ஏன் வேலை செய்யாமல் போகுது?

கால் முறிந்தால் வருகிற வலி ஒரு செய்தி: "அசையாதே, ஆறவிடு". காயம் ஆற அந்த வலியும் போகும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியைத்தான் நாட்பட்ட வலி எண்டு சொல்லுவார்கள். அதன் சங்கதி வேறு. எங்கட அபார்ட்மென்ட் புகை அலாரத்தை நினைத்துப் பாருங்கோ. தீப்பிடித்தால் அடிக்கத்தான் அதை வைத்தது. சிலது மிளகாய் தாளித்தாலே கத்தத் தொடங்கிவிடும், தோசைக்கல்லைச் சூடாக்கினாலும் கத்தும். அலாரம் அளவுக்கு மீறிக் கூர்மையாகி விட்டது. நாட்பட்ட வலியில் நரம்பும் முள்ளந்தண்டும் மூளையும் இப்படி ஆகிவிடுகின்றன. ஆகவே எக்ஸ்ரேயில் ஒண்டும் இல்லாமல் இருக்கலாம், வலி முழுக்க உண்மையாகவும் இருக்கலாம். "படத்தில் ஒண்டும் இல்லையாம், நடிக்கிறார்" எண்டு மாமியார் சொன்னால் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கோ.

ஓப்பியொய்ட் மருந்தைப் பல மாதம் எடுக்கிறபோது உடம்பு பழகி, அதே அளவு போதாமல் போகும். சிலருக்கு மருந்தே அந்த அலாரத்தை இன்னும் கூர்மையாக்கும். கூட்டக் கூட்ட வலி கூடும். 2018ல் அமெரிக்காவில் 240 முன்னாள் படைவீரரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. நாட்பட்ட நாரி, முழங்கால், இடுப்பு வலிக்காரருக்கு ஒரு வருடம் ஓப்பியொய்ட் கொடுத்ததும், சாதாரண வலிமருந்துகள் கொடுத்ததும் ஒப்பிடப்பட்டது. நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை. வலியின் அளவில் சாதாரண மருந்து எடுத்தவர்கள்தான் சற்று நல்லாக இருந்தார்கள்.

இதை வாசித்துப் போட்டு யாரும் நாளைக்கே குளிசையை நிறுத்தக் கூடாது. பழகிய உடம்பில் ஒரேயடியாக நிறுத்தினால் வயிற்றோட்டம், நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, பழைய வலி இரட்டிப்பாக வருவது எல்லாம் நடக்கும். தாங்க முடியாமல் வெளியில் வாங்கப் போவார்கள். சில கிழமை நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறியலில் இருந்தோ ஆஸ்பத்திரியில் இருந்தோ வெளியே வந்து பழைய அளவை எடுத்து இறந்தவர்கள் கனபேர். குடியும் அப்படித்தான். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேணும்.

வைத்தியர் சந்தேகப்பட்டால்

2017ல் கனடாவில் புதிய வழிகாட்டி ஒன்று வந்தது. புற்றுநோய் அல்லாத நாட்பட்ட வலிக்கு முதலில் ஓப்பியொய்ட் அல்லாத வழிகளைப் பார்க்க வேணும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் மோர்பினுக்குச் சமமான அளவுக்குள் வைத்திருக்க வேணும், போதைப் பழக்கம் நடப்பில் உள்ளவருக்கு வலிக்காக ஓப்பியொய்ட் தொடங்கக் கூடாது எண்டு அது சொல்லுது. ஏற்கெனவே கூடிய அளவில் இருப்பவர்களுக்கு மெல்லமெல்லக் குறைக்கலாம், குறைக்கும்போது வலி தாங்கமுடியாமல் போனால் இடையில் நிறுத்திவைக்கலாம் எண்டும் அதே வழிகாட்டியில் இருக்கு. பிரச்சினை என்னெண்டால், சில வைத்தியர்கள் முதல் பாதியை மட்டும் வாசித்துப் போட்டு, பழைய நோயாளிகளை ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள். "ஓப்பியொய்ட் தரமாட்டேன்" என்பது வைத்திய முடிவாக இருக்கலாம். "உன்ரை வலியைப் பார்க்கமாட்டேன்" என்பது வேறு. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் போதை அடிமைத்தனமும் ஒரு இயலாமையாகவே கணிக்கப்படுது. அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையையே மறுப்பது பாகுபாடு. வைத்தியர் பற்றிய முறைப்பாட்டை ஒன்ராறியோ வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் கல்லூரிக்கு எழுதலாம். அதை எழுத எங்களைப் போன்ற அமைப்புகள் உதவும்.

வைத்தியரின் பக்கமும் ஒண்டு சொல்ல வேணும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து மருந்தின் பெயரைச் சொல்லி, "அது மட்டும்தான் வேலை செய்யும், இண்டைக்கே எழுதுங்கோ" எண்டால் அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் வேறு விதமாகப் போங்கோ. ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கோ: வலி எப்ப, எப்படித் தொடங்கினது, எந்த நேரம் கூடுது, எரியுதா, குத்துதா, உளையுதா. (எரிவும் குத்தும் நரம்பு வலியைக் காட்டும், அதற்கு மருந்து வேறு.) இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள், எது கேட்டது, எது கேட்கவில்லை. பிறகு, வலியால் என்ன செய்ய முடியாமல் இருக்கு: "பத்து நிமிசத்துக்கு மேல் நிற்க ஏலாது, பிள்ளையைத் தூக்க ஏலாது, இரவில் இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை". பத்துக்கு எத்தனை எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் ஒண்டில் "பரவாயில்லை டொக்டர்" எண்டு சிரிப்பார்கள், இல்லாவிட்டால் "பன்னிரண்டு" எண்டு சொல்லுவார்கள். இரண்டாலும் வைத்தியருக்கு ஒண்டும் விளங்காது. "பத்து நிமிசம் நிற்கிறன், அரை மணித்தியாலம் நிற்க வேணும்" எண்டால் அவருக்குப் பிடிக்க ஒரு இலக்கு கிடைக்கும்.

அதே கடதாசியில் பாவிக்கிறதையும் எழுதுங்கோ. எவ்வளவு குடி, எத்தனை குளிசை, வெளியில் வாங்கியது என்ன, கடைசியாக எப்போது. வைத்தியர் தெரிந்திருக்க வேண்டியதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பேர்கொசெற், ரைலனோல் 3 இரண்டிலும் அசெற்றமினோபன் இருக்கு. அதோடு சாதாரண ரைலனோலும் குடியும் சேர்ந்தால் ஈரல் பழுதாகும். ஓப்பியொய்ட்டோடு குடியோ, லொராசிபாம் போன்ற நித்திரைக் குளிசையோ, கபபென்ரினோ சேர்ந்தால் நித்திரையிலேயே மூச்சு நின்றுவிடலாம். கபபென்ரினை நரம்பு வலிக்கு வைத்தியரே எழுதக் கூடும், நீங்கள் மற்றதைச் சொல்லாவிட்டால்.

இரண்டு வைத்தியரிடம் ஓப்பியொய்ட் வாங்குகிறதைப் பற்றியும் சொல்ல வேணும். கடந்த 30 நாளுக்குள் ஒருவரிடம் வாங்கியதை மறைத்து இன்னொருவரிடம் வாங்குவது கனடாவில் குற்றம். ஒன்ராறியோவில் 2012 தொடக்கம் இப்படியான மருந்துகள் எல்லாம் ஒரே கணினிப் பதிவுக்குள் போகுது. பார்மசிக்காரர் கண்டுபிடிப்பார்.

மெதடோனும் சபொக்சோனும்

இந்த இரண்டும் "போதைக்காரருக்குக் கொடுக்கிற மருந்து" எண்டு எங்கட ஆக்கள் முகம் சுளிப்பார்கள். உண்மையில் இரண்டும் வலிமருந்துகள். பழக்கத்துக்காக எடுக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும், 24 மணித்தியாலத்துக்கு ஏக்கமும் நடுக்கமும் வராது. ஆனால் வலியை அடக்கும் வேலை ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம்தான் நிற்கும். ஆகவே காலையில் ஒருமுறை மட்டும் எடுக்கிறவருக்குப் பின்னேரம் வலி திரும்பினால் அது கற்பனை இல்லை. அன்றைய அளவை மூன்று, நான்காகப் பிரித்துத் தர முடியுமா எண்டு வைத்தியரிடம் கேளுங்கோ. சபொக்சோனில் இது லேசு. மெதடோனில் வீட்டுக்குக் கொண்டுபோகும் போத்தல் அனுமதி தேவைப்படுவதால் கொஞ்சக் காலம் எடுக்கும். மெதடோன் கூடிய அளவில் இருந்தால் இருதயத் துடிப்புப் பரிசோதனையும் செய்ய வேணும்.

சபொக்சோன் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, மூச்சை நிறுத்தும் ஆபத்து குறைவு. ஆனால் மற்ற ஓப்பியொய்ட் உடம்பில் நிறைய இருக்கும்போது வழமையான அளவில் தொடங்கினால் கடுமையான நடுக்கம் வரும். அதனால்தான் சில மணித்தியாலம் காத்திருக்கச் சொல்லுவார்கள், அல்லது மிகச் சிறிய அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுவார்கள். தோழன் சொன்னான் எண்டு வீட்டில் தானே தொடங்குகிற வேலை வேண்டாம். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு, ஒவ்வொரு நாளும் பார்மசிக்குப் போக முடியாமல் வேலை செய்கிறவருக்கு அது வசதி.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் மெதடோன் அல்லது சபொக்சோன் எடுப்பதை மயக்க மருந்து வைத்தியரிடம் முன்பே சொல்ல வேணும். "இவருக்கு ஏற்கெனவே ஒண்டு போகுதுதானே, வலிக்கு வேறு தேவையில்லை" என்பது பிழை. வழமையான அளவு தொடர வேணும், அதற்கு மேலாகத்தான் சத்திரசிகிச்சை வலிக்கு மருந்து தர வேணும். பழகிய உடம்புக்கு அது மற்றவர்களைவிடக் கூடவே தேவைப்படும். மருந்து தராமல் விட்டதால் ஆஸ்பத்திரியில் இருந்து பாதியில் எழும்பிப் போனவர்களுக்குத்தான் காயம் சீழ்ப்பிடிக்கிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறன். டுலொக்செற்றின், நோர்ற்றிப்ரிலின் போன்றவை மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துகள், ஆனால் நரம்பு வலியையும் குறைக்கும். "எனக்கு விசர் எண்டா தந்தவர்?" எண்டு கோபித்து எறிய வேண்டாம். மூட்டுக்குப் பூசும் டைக்குளோபெனக் களிம்பு வயிற்றைக் கெடுக்காது. ஊர் முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயும் ஒத்தடமும் தோலில் புண் இல்லாதவரை செய்யலாம், குடிக்கிற கசாயம் எண்டால் வைத்தியரிடம் சொல்லிப் போட்டுக் குடியுங்கோ. எல்லாவற்றிலும் கடினமானது அளவாக அசைவது. நல்லாயிருக்கிற ஒரு நாளில் முழு வாசல் பனியையும் அள்ளிப் போட்டு மூன்று நாள் படுக்கையில் கிடப்பதைத்தான் எங்கட ஆக்கள் செய்யுறது. பத்து நிமிசம் அள்ளி, வலி வர முன்னரே நிறுத்தி, பிறகு திரும்பப் போவதுதான் முறை. கேட்க லேசு, செய்து பாருங்கோ.

ரொறன்ரோவில் எங்கே போவது

பழக்கத்துக்கு உடனடியாகப் பார்க்க வேணும் எண்டால் 'ராம்' எண்டு சொல்லப்படும் விரைவுச் சிகிச்சை நிலையங்கள் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. விமன்ஸ் கொலிஜ், சென் மைக்கல்ஸ் இரண்டிலும் இருக்கு. குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. உங்கட பகுதிக்குக் கிட்ட எது, எந்த நாள் திறந்திருக்கும் எண்டு 1-866-531-2600 என்ற கொனெக்ஸ் ஒன்ராறியோ இலக்கத்தில் கேட்கலாம்.

வலிக்கு, விமன்ஸ் கொலிஜ் ஆஸ்பத்திரியை மையமாகக் கொண்ட 'ரப்மி' என்ற வலி மருத்துவ நிலையம் நகரின் பெரிய ஆஸ்பத்திரிகளை இணைத்து இயங்குது. வலியும் பழக்கமும் சேர்ந்து உள்ளவர்களையும் பார்ப்பார்கள். இதற்கு வைத்தியரின் கடிதம் வேணும், காத்திருக்கவும் வேணும். குடும்ப வைத்தியரிடம் போகும்போது "வலிக்கும் பழக்கத்துக்கும் சேர்த்து அனுப்புங்கோ" எண்டு சொல்லிக் கேளுங்கோ. கடிதத்தில் பழக்கத்தை மறைத்தால் பிழையான பிரிவில் போய் நிற்பீர்கள், திரும்பவும் வரிசை.

ஓஹிப் அட்டை இல்லாதவர்கள் சமூக சுகாதார நிலையங்களுக்குப் போகலாம், அட்டை இல்லாதவரையும் பார்ப்பார்கள். ஸ்காபரோ மோல்வேர்ணில் தாய்பு, கிழக்கு ரொறன்ரோவில் சவுத் ரிவர்டேல் என்பவை அப்படியானவை. அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. 2012ல் வெட்டப்பட்டு, 2014ல் மத்திய நீதிமன்றம் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்து, 2016 ஏப்ரலில் முழுமையாகத் திரும்ப வந்தது. மருந்துக்கும் ஆலோசனைக்கும் உங்கட பங்காகக் காசு கட்ட வேணுமா எண்டு முன்பே பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கோ. ஒன்ராறியோ வேர்க்ஸ், இயலாமை உதவி எடுப்பவர்களுக்கு மருந்து அட்டையும், வைத்தியரின் கடிதத்தோடு இலவச பிசியோதெரபியும் உண்டு. வேலையில் பட்ட காயம் எண்டால் தொழிலாளர் காப்புறுதிச் சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேணும்.

சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ரொறன்ரோவில் 1977 தொடக்கம் இயங்கும் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனேடிய மையம் இருக்கு. போதைப்பொருளைக் கண்காணிப்போடு பாவிக்கும் நிலையங்களில் பல 2025 மார்ச் மாதத்தோடு புதிய மாகாணச் சட்டத்தால் மூடப்பட்டன. பழைய முகவரியை நம்பிப் போகாமல் 211 ஐ அழைத்துக் கேளுங்கோ. தமிழில் கதைக்க வேணும் எண்டால் "ரமில்" எண்டு மட்டும் சொன்னாலே மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள்.

சொன்னால் காட்டிக் கொடுப்பார்களா?

இந்தப் பயத்தால்தான் கனபேர் வாய் திறப்பதில்லை. 2004ம் ஆண்டின் ஒன்ராறியோ சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வைத்தியர் உங்கட சம்மதம் இல்லாமல் மனைவிக்கோ, முதலாளிக்கோ, குடிவரவு அதிகாரிக்கோ சொல்லக் கூடாது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பது குற்றம் இல்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு "வைத்தியச் செலவு கூட" என்ற காரணத்தால் நிரந்தர வதிவிடத்தை மறுக்க முடியாது. ஆனால் குற்றப்பதிவு வேறு விசயம். வழக்கு ஏதும் இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னர் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

இரண்டு விதிவிலக்குகளை மறைக்காமல் சொல்ல வேணும். கட்டுப்பாட்டில் இல்லாத போதைப் பழக்கம் எண்டு கண்டறியப்பட்டு, சிகிச்சை ஆலோசனையையும் பின்பற்றாத ஒருவரை வைத்தியர் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்க வேணும், சாரதிப் பத்திரம் நிறுத்தப்படலாம். ராக்சி, லொறி ஓடிப் பிழைக்கிறவருக்கு இது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்த விதியைத் திரும்ப வாசியுங்கோ: சிகிச்சையில் ஒழுங்காக இருக்கிறவரின் நிலை வேறு. சிகிச்சைக்குப் போனால் பத்திரம் போகும் எண்டு ஒளித்துத் திரிபவர்தான் கடைசியில் அதை இழக்கிறார். அடுத்தது, பிள்ளைக்கு ஆபத்து எண்டு நியாயமான சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு அறிவிப்பது கடமை. சிகிச்சையில் இருப்பது மட்டும் அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. மெதடோன் போத்தலைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கோ. பிள்ளை ஒரு வாய் குடித்தாலே உயிர் போகும்.

மொழிபெயர்க்க மகனைக் கூட்டிப் போகாதேயுங்கோ. "அப்பா எத்தனை குடிக்கிறவர்" என்ற கேள்வியைப் பதினான்கு வயதுப் பிள்ளை அப்பாவிடம் கேட்க வேண்டி வருவது இருவருக்கும் கொடுமை. பதிலும் பொய்யாகத்தான் வரும். ஆஸ்பத்திரிகளிலும் சமூக நிலையங்களிலும் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேட்டு வையுங்கோ. ஊரில் ஒரே பக்கத்து ஆள் எண்டு கூச்சமாக இருந்தால், தொலைபேசியில் கதைக்கும், பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கடைசியாக நலொக்ஸோன். ஓப்பியொய்ட் கூடி மூச்சு நின்றுபோகிறவரைத் திரும்ப மூச்சுவிட வைக்கும் மருந்து இது, மூக்கில் அடிக்கும் வடிவில் வருது. 2016 தொடக்கம் ஒன்ராறியோ பார்மசிகளில் காசில்லாமல் தருகிறார்கள். பாவிக்கிறவரும் வாங்கலாம், அவருடைய வீட்டுக்காரரும் வாங்கலாம். பார்மசியில் வாங்கிய ஓப்பியொய்ட் மட்டும் இருக்கிற வீட்டிலும் ஒண்டு இருக்க வேணும். ஒருவர் எழுப்ப எழும்பாமல், குறட்டை போல இழுத்துக்கொண்டு, உதடு நீலமாகக் கிடந்தால் உடனே 911, பிறகு ஒரு மூக்கில் ஒரு தரம். மூச்சு இல்லையெண்டால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கோ. இரண்டு, மூன்று நிமிசத்தில் மாற்றம் இல்லையெண்டால் இரண்டாவதை மற்ற மூக்கில் அடியுங்கோ. மிருக மயக்க மருந்து கலந்திருந்தால் மூச்சு வந்தும் ஆள் எழும்பாமல் கிடக்கலாம், மூச்சைத்தான் பார்க்க வேணும். மருந்தின் பலன் முக்கால் மணித்தியாலத்திலேயே குறையத் தொடங்கக் கூடும் என்பதால் ஆள் எழும்பினாலும் அம்புலன்ஸ் வரும்வரை தனியே விடாதேயுங்கோ. பொலிஸ் வருமே எண்டு பயந்து 911 ஐ அழைக்காமல் விட வேண்டாம்: 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உதவிக்கு அழைத்தவர் மீதும் அந்த இடத்தில் இருந்தவர்கள் மீதும் சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. வேறு பிடியாணைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.